யுன் என்னும் பெயருடைய யாவும்

செண்பகவல்லி அம்மையாருக்கு எழுபத்தொரு வயது. ஈப்போ நகரத்துப் புந்தோங் வட்டாரத்தில், அடுக்ககம் ஒன்றின் நான்காம் மாடியில், கணவர் மறைந்தபின் தனியே வாழ்ந்துவந்தார். அரசு மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் மருந்தெடுத்துக் கொடுத்து ஓய்வுபெற்றவர். ஆதலின் எந்தப் புட்டியின்மேல் எந்தச் சீட்டு ஒட்டியிருந்தாலும், அதனை மூன்று முறை படிக்காமல் கீழே வைக்கமாட்டார். அவர் வீட்டில் ஊறுகாய்ச் சாடிக்கும் சீட்டு உண்டு, மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் உண்டு. நாளும் மாதமும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். எதையும் ஐந்தைந்தாகவே எண்ணுவார். ஒவ்வோர் ஐந்தும் முடிந்ததும் நாக்கை ஒரு முறை மெல்லச் சொடுக்குவார். வெண்டைக்காய் எண்ணும்போதும் அந்தச் சொடுக்கு உண்டு; மின்தூக்கி பழுதான நாள்களில் மாடிப்படி ஏறும்போதும் உண்டு. இப்பழக்கம் எப்போது தொற்றியது என்று அவரை யாரும் கேட்டதில்லை; அவரும் எண்ணிப்பார்த்ததில்லை.

கண்ணாடிமுன் நின்று பொட்டு வைத்துக்கொள்ளும் நேரம் தவிர, தாம் பிறப்பால் சீனப் பெண் என்பது அவருக்கு நினைவில் இராது. பாசாரில் கீரை விற்கும் பெண்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கந்தோனிய மொழியில் விலை சொல்வார்கள். இவர் தமிழ் கலந்த மலாயில் பேரம் பேசுவார். புதிதாகக் கடை போட்டவள் மட்டும் சற்றே திகைப்பாள்.

அக்காலத்துப் பேராக் மாநிலத்தில் இஃது அரிய செய்தியன்று. பெண் மக்கள் மிகுந்துபோன ஏழைச் சீன வீடுகளிலிருந்து தமிழ் வீடுகளுக்குக் குழந்தைகள் கைமாறின. அவர்கள் சேலை உடுத்து, பால்குடம் தூக்கி, தமிழ் மணமகன்களை மணந்து வாழ்ந்தார்கள். செண்பகவல்லியை எடுத்து வளர்த்த மாசிலாமணி, சுங்கை ரேலா தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸ்ஸராக இருந்தவர். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது எல்லாம் அவரே. ஒரு நாள் பட்டணத்துச் சீன மருத்துவச்சி ஒருத்தியின் வீட்டிற்குச் சென்றவர், நண்பகல் மழையில் குழந்தையோடு திரும்பினார். குழந்தையின் மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை கட்டியிருந்தது. அதில் அழியாத மையில் மூன்று உரோமன் எழுத்துகள்: யுன்.

தோட்டத்தில் பிறக்கும் குழந்தைக்கு முப்பதாம் நாள்தான் பெயர் சூட்டுவார்கள். அதுவரை அது முனியம்மா பிள்ளை, அல்லது அஞ்சலை பிள்ளை. ஆகவே தாயின் பெயரைத் துணியில் எழுதிக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவது மாசிலாமணியின் அன்றாட வேலை. இந்தத் துணியைப் பார்த்ததும் அவருக்கு ஐயம் எழவில்லை. பதிவு அலுவலகத்தில், தாயின் பெயர் என்னும் இடத்தில், அச்சொல்லையே எழுதுவித்தார். முப்பதாம் நாள் செண்பகவல்லி என்று பெயரிட்டார்.

அத்துணி இன்றும் அம்மையாரிடம் இருந்தது. பழைய மாத்திரைப் புட்டி ஒன்றினுள், கற்பூரத் துண்டோடு. புட்டியின்மேல் அவரே எழுதி ஒட்டிய சீட்டில் ‘அம்மா’ என்றிருந்தது.

பெற்றவளிடம் கேட்பதற்கு அவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. என்னை ஏன் கொடுத்தாய் என்பதுதான் அது. கணவரிடமும் சொல்லாமல், எழுபது ஆண்டுகளாக அதனை அவர் தம்முள்ளேயே வைத்திருந்தார்.

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் பெயரகம் என்னும் கூடத்தைத் திறந்தபோது, அவர் முதலில் போக விரும்பவில்லை. இறந்தவர்களைப் பற்றிய காகிதங்களை எல்லாம் ஓர் எந்திரத்திற்குப் படிக்கக் கொடுத்து, அவர்களைப் பேசவைக்கிறார்கள் என்று கேள்வி. பொங்கலுக்கு மறுவாரம், ஒரு வியாழக்கிழமை, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பேருந்து ஏறினார்.

அங்கே அவரை வரவேற்றவள் யோகேஸ்வரி. முப்பத்தைந்து வயது, எந்திரத்தைப் பராமரிப்பவளும் அவளே, வருவோர்க்குக் கோப்பி கலந்து கொடுப்பவளும் அவளே. துணிப்பட்டையைக் கையுறை அணிந்து வாங்கிப் பார்த்தாள்.

“உங்ககிட்ட இருக்கிறது இந்த ஒரு சொல்லுதானா ஆன்ட்டி?”

“இது ஒண்ணுதாம்மா.”

“பரவாயில்ல. இங்க இருக்கிற காகிதம் பாதிக்கு மேல இப்படித்தான். அந்தக் காலத்துக் கிராணிமாருங்க, காதுல விழுந்தத வெள்ளக்காரன் எழுத்துல எழுதிட்டுப் போயிட்டாங்க. சீன எழுத்துல இருந்தா இது வேற ஆளு, அது வேற ஆளுன்னு பிரிச்சிடலாம். சொல்லக்கூடியவங்க யாரும் இப்ப இல்ல.”

“அப்ப எப்படித்தான் பிரிப்பீங்க?”

“பிரிக்கிறதே இல்ல ஆன்ட்டி.” யோகேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். “ஆரம்பத்துல பெரியவங்க கூடிப் பேசினாங்க. சந்தேகம்னு ஒரு காகிதத்தத் தள்ளினா, அது யாரோ ஒருத்தரோட அம்மாவா இருந்துட்டா என்ன செய்யறது? அதனால ஒண்ணையும் தள்ளக்கூடாதுன்னு முடிவு. யுன்னு எழுதியிருந்தா, உள்ள போடு. மூவாயிரத்து நானூத்துச் சொச்சம் காகிதம் இருக்கு அந்தப் பேர்ல.”

“எல்லாம் ஒரே ஆளாவா பேசும்?”

“ஒரே குரலா பேசும். மொகம் கூட காட்டிப் பாத்தோம். வந்தவங்க எழுந்து ஓடிட்டாங்க. அதனால இப்ப குரல் மட்டும்.” பிறகு சிரித்தபடி, “பயப்படாதீங்க. நீங்க எந்தப் பாஷையில பேசுறீங்களோ அதுல பேசும். என்னைவிட நல்லாவே தமிழ் பேசுது,” என்றாள்.

அறை சிறியது. ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் ஒரு பித்தளைச் சல்லடை, வேறொன்றும் இல்லை. அம்மையார் அமர்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். சல்லடைக்குள் யாரோ மூச்சு வாங்குவது போன்ற ஒலி கேட்டது.

“யாரு?” என்றது குரல்.

“நான் செண்பகவல்லி.”

“வந்திட்டியா.”

அது பெண்குரல், வயதான குரல். எந்திரங்கள் பேசும் மழமழத்த தமிழன்று அது. தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் முதிர்ந்த, சற்றே கரகரத்த தமிழ். ஒரு சீனத்தி இவ்வளவு அழகாகத் தமிழ் பேசுவாளா என்று அம்மையார் வியந்தார். மறுகணம், தாமும் ஒரு சீனத்திதானே என்று நினைவுக்கு வந்தது.

கேட்க வந்ததை அவர் கேட்கவில்லை. “நீ எங்க இருந்த?” என்று மட்டும் கேட்டார்.

“மலையில பொறந்தேன்,” என்றது குரல். “கீழ எறங்க எறங்க அகலமானேன். ஒரு வருசம் மழை விடவே இல்ல. எழுபது வீட்டக் கொண்டுபோயிட்டேன். வேணும்னு செய்யல.”

அம்மையார் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார்.

“என் வயித்துல நானூறு பேர் படுத்திருந்தாங்க. கடலத் தாண்டிக் கொண்டாந்தேன். ஒம்போது பேரப் பாதி வழியிலேயே தண்ணியில எறக்கிட்டாங்க. அவங்க பேரக் கேட்டேன், யாரும் சொல்லல.” பிறகு, “காலையில என் பலகைய ஒவ்வொண்ணா கழட்டி உள்ள வெளிச்சம் விடுவாங்க. உள்ள பூரா மருந்து வாசன. பெறகு ஒரு நாள் பலகைய மாட்டினாங்க, கழட்டவே இல்ல.”

அப்புறம், எவ்வித மாற்றமும் இல்லாத அதே குரலில், “ஒரு புள்ளைய எடுத்துட்டுப் போயிட்டாங்க. மழை,” என்றது.

வெளியே வந்தபோது யோகேஸ்வரி கோப்பியை நீட்டினாள். “ஆத்தப் பத்திப் பேசிச்சா? அது யுன் ஆறு, சீனாவுல எங்கயோ ஓடுதாம். கப்பல் ஒண்ணு இருக்கு. பினாங்குல ஒரு மருந்துக் கடை இருந்திருக்கு. ரெண்டு மூணு தடவ வந்தா பழகிடும். வேணாங்கிறதக் காதுல வாங்காம விட்டுடுங்க.”

ஆனால் அம்மையாரால் அப்படி விட முடியவில்லை. எழுபது வீடுகளைக் கொண்டுபோய்விட்டு, வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லும் அந்தப் பிறவியின்மேல், வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு இரக்கமாக இருந்தது. தாய் என்பவள் இப்படித்தான் இருப்பாள் போலும் என்றுகூடத் தோன்றியது.

அடுத்த வியாழனும் போனார். அதற்கடுத்த வியாழன், தம் கேள்வியைக் கேட்கத் துணிவின்றி, அதன் அருகில் இருந்த வேறொன்றைக் கேட்டார்.

“என்னை எத்தன நாள் வச்சிருந்த?”

“எண்ணிச் சொல்றேன்,” என்றது குரல். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.” நாக்கு ஒரு முறை மெல்லச் சொடுக்கியது. “ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது, பத்து.” மீண்டும் ஒரு சொடுக்கு. “பதினொண்ணு. பதினோரு நாள்.”

அம்மையாரின் கண்கள் நிறைந்துவிட்டன. அன்று பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, ஒருவருக்கும் கேளாதபடி நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். முகம் தவிர, பெற்றவளிடமிருந்து தமக்கு வேறொன்றும் வந்துசேர்ந்திருக்கிறது. இத்தனை காலம் தம் வாய்க்குள்ளேயே அவள் இருந்திருக்கிறாள்.

இந்த மகிழ்ச்சியைச் சொல்வதற்கு அவருக்கு இருந்த ஒரே தோழி சிவபாக்கியம். அவரும் தமிழ்வீட்டில் வளர்ந்த சீனப் பெண்ணே. நாற்பது ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததில் தொடங்கிய நட்பு. சென்ற ஆண்டு அவருக்கு இடப்பக்கம் வாதம் விழுந்துவிட்டது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், மாலைவரை கட்டிலில் தனியே கிடப்பார். பெயரகத்தார், நடக்க இயலாதவர்களுக்குக் கொடுப்பது போல, அவர் தலைமாட்டிலும் குரல் பேசும் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

உண்மையில் சிவபாக்கியத்திடம் எந்தப் பெயரும் கிடையாது. காகிதமும் கிடையாது, துணியும் கிடையாது. இரண்டாம் வியாழன் முடிந்து அம்மையார் பெயரகத்தைப் பற்றிச் சொன்னபோது, “உன் பேரையே எனக்கும் போடச் சொல்லு லா. என்னக் கோபிஸ் விக்கிறவகிட்டருந்து, முட்டக்கோசுக் கூடையோட வாங்கினாங்களாம். கோபிஸுன்னு எழுதிக் கொடுத்தா நல்லாவா இருக்கும்?” என்று அவர் பெயரை இரவல் வாங்கிக்கொண்டார். எதையும் தள்ளாத பெயரகம் அதனையும் தள்ளவில்லை.

குரல் எண்ணிச் சொன்ன வியாழனுக்கு மறுநாள் காலை, பூந்தொட்டியின் அடியிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்துகொண்டு அம்மையார் உள்ளே போனபோது, சிவபாக்கியம் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தார்.

“வா வா. எங்கம்மா பேசிக்கிட்டிருக்கு. உனக்கும் அம்மாதான். சக்களத்தியப் பாக்கிற மாதிரி பாக்காத.”

“உன் வாய்க்கு வாதம் வராம போச்சே,” என்றார் அம்மையார்.

“வந்திருந்தா உனக்குப் பொழுது எப்படிப் போகும்?”

கட்டிலின் ஓரம் அமர்ந்து, அம்மையார் அவருடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்ததைத் தொடங்குமுன் பெட்டி பேசியது.

“மாத்திர சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லம்மா,” என்றார் சிவபாக்கியம், குழந்தைபோல.

“வெறும் வயித்துல வேணாம். சாப்பாட்டுக்கு அப்புறம். வெள்ள மாத்திர மூணு வேள, ஒண்ணொண்ணு. மஞ்சள் ராத்திரி மட்டும். தல சுத்தினா நிறுத்திட்டு வந்து காட்டு.”

அம்மையார் பெட்டியை நோக்கித் திரும்பினார். அச்சொற்களை அவர் அறிவார். சொற்களை மட்டுமன்று, ‘வந்து காட்டு’ என்று முடிக்கும்போது குரல் சற்றே மேலேறும் அந்த விதத்தையும் அறிவார். முப்பத்து மூன்று ஆண்டுகள், நாளொன்றுக்கு இருநூறு பேரிடம், மருந்தகத்துச் சன்னலுக்குப் பின்னாலிருந்து சொல்லிய சொற்கள் அவை.

“எத்தன மாத்திர மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பாரு. நானும் எண்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.” பெட்டி நாக்கைச் சொடுக்கியது.

“கேட்டியா?” சிவபாக்கியத்தின் பாதி முகம் மட்டும் மலர்ந்தது. “உன்ன மாதிரியே செய்யுது லா. பேச்சும் உன்னது மாதிரிதான் இருக்கு. சொல்லணும்னு இருந்தேன்.”

அப்போதுதான் அம்மையாருக்கு ஞானப்பிரகாசம் நினைவுக்கு வந்தார். மருந்தகத்தின் தலைவர். கட்டுப்பல் வைத்திருந்தவர், பல் சரியாகப் பொருந்தாது. ஐந்து மாத்திரை எண்ணியதும் அது நழுவாதிருக்க நாக்கால் தள்ளிச் சொடுக்குவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தட்டின்மேல் மாத்திரைகளைத் தள்ளி எண்ண அவர்தாம் கற்றுக்கொடுத்தார். ஆறு மாதத்தில், பல் எல்லாம் உறுதியாக இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் அந்தச் சொடுக்கு ஒட்டிக்கொண்டது. உடன் வேலைசெய்தவர்கள் கேலி செய்ததுகூட இப்போது நினைவில் எழுந்தது.

அந்தச் சொடுக்கு பெற்றவளிடமிருந்து வந்ததன்று. அப்படியானால், பெட்டிக்குள் இருப்பவளுக்கு அது எங்கிருந்து வந்தது?

“என்னா மூஞ்சி வெளுத்துப்போச்சு?” என்றார் சிவபாக்கியம்.

“ஒண்ணுமில்ல. பாக்கியம், இந்தப் பெட்டி இல்லாம உன்னால இருக்க முடியுமா?”

சிவபாக்கியம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். “என்ன வளத்தவ நல்லவதான். சாகிறவரைக்கும் என்னச் ‘சீனத்தி’ன்னுதான் கூப்பிட்டா. அன்பாத்தான். எழுபது வயசுல, ஒரு குரல் ‘சாப்பிட்டியா மகளே’ன்னு கேக்குது. இது இல்லன்னா நான் செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்.” பிறகு கண்ணைச் சிமிட்டினார். “செவுரு மாத்திரயப் பத்திக் கேக்காது.”

அன்று வெள்ளிக்கிழமை. வியாழனுக்குக் காத்திராமல் அம்மையார் நேரே பெயரகத்திற்குப் போனார். யோகேஸ்வரி, கேட்டதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, திரையின்முன் அமர்ந்து நெடுநேரம் தேடினாள். தேடத்தேட அவள் பேச்சுக் குறைந்தது.

“ஆன்ட்டி, உங்க பொறப்புப் பத்திரத்துல தாயார் பேரு யுன்னு இருக்கில்ல? அத வச்சு உங்க சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் உள்ள இழுத்திருக்கு. உங்க ஆஸ்பத்திரி பழைய கவுண்டர் பதிவுங்கள எங்களுக்குக் கொடுத்திருக்காங்க. பன்னெண்டு வருசத்துப் பேச்சு. உயிரோட இருக்கிறவங்களது சேரக்கூடாது. யாரும் பாக்கல.” அவள் தலை நிமிரவில்லை. “மத்தவங்க எல்லாம் வெறும் காகிதம். பிரயாணச் சீட்டு, கடைப் பத்திரம், கல்லறைக் கணக்கு. குரலா இருந்தது உங்களது ஒண்ணுதான். அதனால அது பேசுறதுக்கு உங்க வாயத்தான் எடுத்துக்கிச்சு.”

“பதினோரு நாள்னு சொல்லிச்சே. அது என் வாயில கெடையாதே.”

“அதையும் பாத்தேன்.” யோகேஸ்வரி திரையைத் திருப்பினாள். “போன வருசக் கடைசியில ஒரு மருத்துவச்சியோட பேத்தி, பழைய நோட்டுப் புத்தகங்களக் கொண்டாந்து கொடுத்தாங்க. அரசாங்கத்துல படிச்ச மருத்துவச்சி போல, ஆங்கிலத்துல எழுதியிருக்காங்க. இத நீங்களே படிங்க.”

நீலமையில், சாய்ந்த எழுத்தில், ஒரே பதிவு. அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பெண் குழந்தை, பதினோரு நாள், நல்ல உடல்நிலை. தாய் இதற்கு யுன் என்று பெயர் வைத்திருக்கிறாள். குழந்தையோடு போகட்டும் என்று, துணியில் எழுதித்தரச் சொன்னாள். டிரெஸ்ஸர் மாசிலாமணியிடம் கொடுக்கப்பட்டது; மழை. தாயின் பெயர் என்னும் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறையும் படித்தார்.

முப்பதாம் நாளுக்கு முன் ஒரு குழந்தைக்குப் பெயர் இருக்கக்கூடும் என்று அப்பாவுக்குத் தோன்றியிராது. தோட்டத்தில் ஆயிரம் மணிக்கட்டுகளில் துணி கட்டியவர்; ஆயிரத்திலும் தாயின் பெயரையே எழுதியவர். மருந்துச் சீட்டுகளை மும்முறை படித்துப் படித்தே வாழ்நாளைக் கழித்த மகளும், தம் கையில் கட்டிய சீட்டை ஒரு முறையேனும் ஐயுற்றுப் படித்ததில்லை.

“அப்ப எங்கம்மா இதுக்குள்ள இல்ல.”

“இல்ல ஆன்ட்டி. அவங்க பேரு எங்கயுமே இல்ல.”

அம்மையார் கைப்பையிலிருந்து மாத்திரைப் புட்டியை வெளியே எடுத்தார். ‘அம்மா’ என்றிருந்த சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல், மெல்ல மெல்ல உரித்தெடுத்தார். வேறு சீட்டு எழுத அங்கே பேனா இருந்தது, எழுதவில்லை.

“விதிப்படி, நீங்க ஒரு வார்த்த சொன்னா உங்க பங்க எடுத்துடுவேன்,” என்றாள் யோகேஸ்வரி. “ஆனா எடுத்தா அந்த வாய் போயிடும். காகிதத்த வாசிக்கிற மாதிரி ஆயிடும். யுன்னப் பாக்க இருநூத்துப் பன்னெண்டு பேரு வராங்க. பாக்கியம் ஆன்ட்டி பெட்டியும் அப்படித்தான் ஆயிடும். எடுக்கலன்னா, யாருக்கும் தெரியப்போறதில்ல. நானும் சொல்லமாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒரு தடவ உள்ள போயிட்டு வந்துடுறேன்மா.”

போகும் வழியில் இருந்த வேறோர் அறையின் கதவு சரியாக மூடப்படாமல் இருந்தது. அதனுள்ளே ஒரு சீன முதியவர், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து அமர்ந்திருந்தார். சல்லடையிலிருந்து கந்தோனிய மொழியில் ஒரு குரல் அவருக்கு எதையோ எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மையாருக்கு அம்மொழி தெரியாது. எனினும் அக்குரல் எங்கே நின்று நாக்கைச் சொடுக்கும் என்பது தெரிந்தது. அவ்விடத்தில் அது சொடுக்கியது. முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம் அறையில் அமர்ந்த அம்மையார், வழக்கம்போல ‘யாரு’ என்னும் கேள்வியை எதிர்பார்த்தார். அது வரவில்லை. சல்லடைக்குள் மூச்சு மட்டும் ஏறி இறங்கிற்று. தம் மூச்சும் அதனோடு ஒத்து ஏறி இறங்குவதை அவர் சற்றுத் தாமதமாகவே கவனித்தார், மாற்ற முயன்றார், மாறவில்லை.

“என்ன ஏன் கொடுத்த?” என்றது குரல்.

அக்கேள்வியை அம்மையார் அந்த அறையில் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எந்தச் சன்னலிலும், எந்தப் பதிவிலும், எந்தக் காகிதத்திலும் அஃது இல்லை. ஆற்றையும் கப்பலையும் கடையையும் விலக்கிக்கொண்டு, அவற்றுக்கெல்லாம் அடியில் கிடந்த பதினோரு நாள் குழந்தை ஒன்று, அவருடைய முதிய குரலிலேயே அதைக் கேட்டது.

எழுந்து போய்விடலாம் என்று எண்ணினார். போகவில்லை. கேட்டவள் பெயர் யுன். தம் பெயரும் அதுவே. விடை சொல்வதற்கு அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

“தெரியலம்மா,” என்றார் கடைசியில், பெற்றவளின் இடத்தில் நின்று. “நான் யாருன்னே எங்கயும் எழுதி வைக்கல. கஷ்டமா இருந்திருக்கும்.” சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “ஆனா பதினோரு நாள் வச்சிருந்தேன். பேரு வச்சுதான் கொடுத்தேன். பேரு கூடவே போகட்டும்னு, எழுதிக் கட்டச் சொன்னேன்.”



“என் பேரு,” என்றது குரல்.

“ஆமா. உன் பேரு.”

மூச்சொலி மெல்ல மெல்ல ஆறுபோல அகன்று, பிறகு அடங்கிற்று. அம்மையார் இன்னும் சற்று நேரம் அங்கேயே இருந்தார்.

வெளியே யோகேஸ்வரி இரண்டு கோப்பிகளோடு காத்திருந்தாள். ஒன்று ஆறிப்போயிருந்தது. அம்மையார் அந்த ஆறிய கோப்பியையே எடுத்துக் குடித்தார்.

“என் பங்க எடுத்துடும்மா,” என்றார்.

“மத்தவங்க கேட்டா ஆன்ட்டி?”

“உயிரோட இருக்கிற ஒரு பொம்பளையோட குரல், தவறிச் சேந்துடுச்சுன்னு உள்ளதச் சொல்லு. கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கட்டும். யாராவது பாக்கணும்னா என் விலாசத்தக் கொடு; வீட்டுலதான் இருப்பேன்.”

“பாக்கியம் ஆன்ட்டி?”

அம்மையார் கோப்பைகளைக் கழுவித் துணியில் கவிழ்த்து வைத்தார். சீட்டில்லாத புட்டியைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

“அவளுக்கு அந்த வாய்தானே வேணும். நாளையிலருந்து தெனமும் காலையில எட்டு மணி பஸ்ல அவ வீட்டுக்குப் போறேன். நடந்தத நானே சொல்றேன். அந்தப் பெட்டிய நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து உன்கிட்ட கொடுத்துடுறேன்.”